மேல் தோட்டத்து வைன்

பாரிஸின் லா ஷப்பேலில், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள தெருவில், வைன் இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். மேலே அலுவலகம், முன்னால் சீமெந்து முற்றம், கீழே நிலவறை. முதலாளியையும் நிலவறையைப் பார்ப்பவரையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். வந்து போகும் சரக்குகளின் கடதாசி வேலை என்னுடையது. மருந்தடிக்காத தோட்டங்களின் வைனை மட்டும்தான் எடுப்போம். சேர்ந்த புதிதில் எனக்கு வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மன்னாரில் பூசை நேரத்தில் பாதர் குடிப்பதைக் கண்டதோடு சரி.

நான் சேர்ந்த முதல் நவம்பரில் அந்தப் பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆர்ஜென்டினாவின் வடமேற்கில், இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே, மலைகளுக்கு நடுவில் உள்ள பாலைவனத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். பாரிஸில் நடந்த கண்காட்சிக்கு வந்தவர் எங்கள் முதலாளியையும் பார்க்க வந்திருந்தார். முதலாளிக்கு அன்று நேரமில்லை. "இவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போ" என்று என்னிடம் சொல்லிவிட்டார். நான் எங்கள் ஆட்களின் தோசைக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

என் பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் பேசியதெல்லாம் இப்போது என் நினைவில் என் தமிழில்தான் இருக்கிறது.

அவர் நான் செய்வதைப் பார்த்து, கையால் தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டார். பிறகு தொலைபேசியில் படம் காட்டினார். புல்கூட இல்லாத மண்நிற மலைகள். நடுவில் ஒரு பச்சைக் கீற்று.

"இதுதான் என்ரை தோட்டம்."

"மழை பெய்யாதோ?"

"வருசத்திலை ஒரு சில நாள். காத்திலை ஈரமில்லாததாலை பூஞ்சை பிடிக்காது. அதாலை மருந்தும் தேவையில்லை. எறும்புதான் எங்கடை பிரச்சினை."

ஓர் இரவுக்குள் ஒரு வரிசைக் கொடியின் இலை முழுவதையும் எறும்புகள் வெட்டிக்கொண்டு போய்விடுமாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நஞ்சு வைத்தார்கள். இவர் வரிசைகளுக்கு இடையில் பார்லி விதைத்து, அதை எறும்புக்கு விட்டுவிட்டார். "அதுகளும் சாப்பிடத்தானே வேணும்" என்றார். ஆட்டுப் புழுக்கையை மக்கவைத்து உரமாகப் போட்டார். தண்ணீர் மலைப்பனி உருகி வாய்க்காலில் வருவது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை உண்டு. முறை வந்தால் காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழும்பிப் போய் மடையைத் திறக்க வேண்டும்.

வாய்க்காலின் தலைப்பில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு துண்டு நிலம் இருந்தது; அதை மேல் தோட்டம் என்றார். யார் நட்டார்கள் என்று அவருக்கே தெரியாத கிழட்டுக் கொடிகள். அடி மரம் ஆள் தொடை அளவு. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் தோல் தடித்த சின்னப் பழங்கள். அந்தப் பழத்தில் அவர் ஒரு வைன் செய்தார். வைன் கெடாமல் இருக்கப் போடுகிற சல்பைட் அதில் துளியும் இல்லை. "திராட்சை மட்டும்தான்" என்றார்.

பின்னேரம் அலுவலகத்தில் ஒரு போத்தலைத் திறந்தோம். என் வாழ்க்கையில் நான் விரும்பிக் குடித்த முதல் வைன் அது. மாதுளந்தோல் போல ஒரு துவர்ப்பு, முடிவில் கொஞ்சம் உப்பு. முதலாளிக்கும் பிடித்துப்போய், மரப்பலகையில் அடுக்கிக் கட்டிய பெட்டிகளாக ஒரு பலகைச் சரக்குக் கேட்டார். நான்தான் அதற்கு எல்லாக் கடதாசியும் செய்தேன். அறுவடைப் படங்கள், ஆலங்கட்டி விழுந்த இலைகள், பழம் தின்ன வந்த கிளிகள் என்று அவர் வாரத்துக்கொரு படம் அனுப்பினார். நான் மகளின் படங்களை அனுப்பினேன்.

சரக்கு அடுத்த ஜூலையில் வந்தது. திங்கட்கிழமை பதினான்காம் திகதி, பிரான்ஸின் தேசிய விடுமுறை; அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. குளிரூட்டிய கொள்கலனில் கடல் தாண்டி, லு ஹாவ்ர் துறைமுகத்தில் இருந்து குளிரூட்டிய லொறியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. நிலவறைக்காரரும் மற்றவரும் லீவு. நிலவறைக்கு இறங்கும் லிப்ட் பழுது. முதலாளி ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படியால் இறக்கியிருந்தால் மூன்று மணித்தியாலம் பிடித்திருக்கும். என் சித்தியின் மகளுக்கு அடுத்த நாள் பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் கலியாணம். கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இன்னும் வெளிக்கிடேல்லையோ? இஞ்சை எல்லாரும் உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"ஒரு சாமான் வந்திருக்குதப்பா. இறக்க வேணும்."

"நாளைக்குக் காலமை ஒருக்கா வந்து இறக்கலாம்தானே?"

சரி என்றேன். பலகையை முற்றத்தின் நிழலில் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். நிழல் மத்தியானத்தோடு நகர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிற முற்றம் அது. சனிக்கிழமை கலியாணம். ஞாயிறு விருந்து. திங்கள் களைப்பு. அந்த நான்கு நாளும் பாரிஸில் கடும் வெக்கை. மண்டபத்தில் விசிறியின் கீழே நின்று, "ஐயோ, அந்தப் பெட்டிகள்" என்று இரண்டு தரம் நினைத்தேன். எழும்பிப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், பெட்டிகளைத் தனியாகக் கீழே இறக்கினேன். சில போத்தல்களில் சூட்டில் வைன் விரிந்து, தக்கை கொஞ்சம் மேலே வந்திருந்தது. அவற்றைத் துடைத்து, பெருவிரலால் அழுத்திவிட்டு அடுக்கினேன்.

செப்டெம்பரில் போத்தல்கள் உணவகங்களுக்குப் போயின. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வேகவைத்த பழத்தின் மணம், நாக்கில் வினாகிரிப் புளிப்பு. முதலாளி அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"உங்கள் வைனில் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சல்பைட் இல்லாமல் இது இவ்வளவு தூரம் தாங்காது" என்றார்.

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

என் ஒப்பந்தம் ஆறு ஆறு மாதமாக நீட்டப்படுவது. அது நிரந்தரமானால்தான் கார்த் து செஜூர் என்ற வதிவிட அட்டையைச் சிக்கலில்லாமல் புதுப்பிக்கலாம். வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "இப்ப பேசாமல் இரும். கார்த் வரட்டும், பிறகு சொல்லலாம்" என்றார். கார்த் பெப்ரவரியில் வந்தது. ஒப்பந்தமும் நிரந்தரமானது. நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து படங்கள் வருவது குறைந்து நின்றுபோயிருந்தது. நானும் கேட்கவில்லை.

அதே வருடம் நவம்பரில் அவர் மீண்டும் கண்காட்சிக்கு வந்தார். கீழ்த்தோட்டத்து வைனை, சல்பைட் போட்டதை, முதலாளிக்கு ருசி காட்டினார். நல்ல வைன்தான். அவரும் நானும் அதே கடைக்குச் சாப்பிடப் போனோம். மேல் தோட்டம் எப்படி என்று நான்தான் கேட்டேன்.

"அது இப்ப இல்லை" என்றார். "அந்த வைன் ஊரைத் தாண்டாதெண்டால் நான் ஆருக்கு விக்கிறது? பனியும் குறைஞ்சு போச்சு. மேல் தோட்டத்தின்ரை தண்ணியைக் கீழை திருப்பினன். ஒரு கோடைதான். அங்கை தண்ணி இல்லாட்டிக் கொடி சாக ஒரு கோடை காணும். எங்கடை போன குளிர்காலத்திலை பிடுங்கிப் போட்டம்."

எல்லாவற்றையும் சொன்னேன். முற்றம், வெயில், கலியாணம், தக்கைகளை அழுத்தியது, கார்த். முடிந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினை நாள் வெயிலிலை இருந்தது?"

"நாலு."

அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒரு வருசமா என்ரை கைவேலையிலை எங்கை பிழை எண்டு தேடினன். பீப்பாய் எல்லாத்தையும் மாத்தினன்."

"எனக்குப் பயமா இருந்தது."

"ஓம். எனக்கும் பயம் வந்திருக்கும். முதல் கிழமை நானும் சொல்லியிருக்க மாட்டன்." தட்டைத் தள்ளி வைத்தார். "ரெண்டாம் கிழமை சொல்லியிருப்பன்."

அவர் கோபித்துப் பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தோசைக்குத் தானே பணம் கொடுத்துவிட்டு, என் மகளைச் சுகம் விசாரித்து, மெட்ரோவுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் முதலாளியிடமும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போதே சொல்லியிருந்தால் காப்புறுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பேனே" என்றார். "அவரிடம் இன்னொரு பலகை கேட்டிருப்பேன்."

அவ்வளவுதான். ஒரு கடிதம். யாருக்கும் வேலை போயிருக்காது.

முதலாளி அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவர் மரியாதையாகப் பதில் போட்டார். கீழ்த்தோட்டத்து வைன் இப்போதும் வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. அது வரும் நாளில் நான் எங்கும் போவதில்லை. கடைசிப் பெட்டி கீழே இறங்கும் வரை முற்றத்தில் நிற்கிறேன். நிலவறைக்காரர் சிரிப்பார்: "நீங்கள் என்னை நம்பவில்லையா?" அவரிடம் காரணம் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு தடவை துணிந்து, பிடுங்கிய இடத்தில் ஏதாவது துளிர்த்திருக்கிறதா என்று அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இறக்குமதிப் பத்திரத்தில் எங்கள் பக்கக் கையெழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது, திருத்தி அனுப்பும்படி எழுதியிருந்தார். கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை. பத்திரத்தைத் திருத்தி அன்றே அனுப்பினேன்.