மஞ்சள் துணிக்குள் பிஸ்கட் தகரம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன், அண்ணியுடன் இருந்தேன். அண்ணனுக்கு ரயிலில் கார்டு வேலை; போனால் திரும்பி வர மூன்று நான்கு நாளாகும். நான் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் வீடு தங்கமாட்டேன். பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு ஓடிவிடுவேன். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் ஸ்லாட் கார் பந்தயம் நடக்கும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் கார். பெரிய மரப்பலகையில் வளைந்து வளைந்து பாதை. பாதையில் நீளமாகப் பள்ளம் வெட்டிய ஒரு காடி, அதன் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் பட்டை. காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்ன நாக்கு அந்தக் காடிக்குள் மாட்டிக்கொண்டு ஓடும். நம் கையில் ஒரு விசை. அழுத்தினால் ஓடும், விட்டால் நின்றுவிடும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அண்ணன் கேலி செய்வார். எனக்கோ அதுதான் உலகம்.

என் காருக்கு ஒரு வியாதி இருந்தது. ஜன்னலோரம் பாதை மேடாக ஏறித் திரும்பும் வளைவில், ஒவ்வொரு முறையும் காடியை விட்டு எகிறிப் போய்ச் சுவரில் முட்டும். எனக்கு ‘சுவர் சாம்பியன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் அதன் அடிச்சட்டம். இலேசான பிளாஸ்டிக். கெட்டிக்காரர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியில் சட்டம் செய்து, மோட்டாருக்கு இரு பக்கமும் உலோகத் தகட்டைத் தொங்கவிடுவார்கள். தகடு இறுக்கமாக இருக்கக்கூடாது, கொஞ்சம் ஆட வேண்டும். வளைவின் உதறலை அது வாங்கிக்கொண்டால்தான் கார் தரையோடு ஒட்டிப் போகும். நான் தகரத்தில் செய்து பார்த்தேன், எடை போதவில்லை. ஈயத்தில் செய்தேன், வளைந்து போய்ப் பாதையில் உரசியது. நல்ல கனத்தில் ஒரு செப்புத் தகடு கிடைக்காதா என்று அலைந்தேன். அடுத்த ஞாயிறு கோப்பைப் பந்தயம்.

வீட்டில் அண்ணிக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை குழந்தை தங்காமல் போயிருந்தது. மூன்றாவது உண்டானதும், அண்ணன் ஒரு பூசாரியிடம் செப்புத் தகட்டில் யந்திரம் எழுதி வாங்கி வந்தார். கட்டம் கட்டமாக எழுத்துக் கீறிய தகடு. அதை மஞ்சள் துணிக்குள் வைத்துத் தைத்து, அண்ணி படுக்கும் அறையின் வாசல் நிலைக்கு மேலே கட்டினார். அதை ஒரு முறை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அண்ணி அறைக்குள் போவார்.

எனக்கு அந்த வயதில் சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. வாய்க்கொழுப்பு மட்டும் நிறைய இருந்தது. வியாழக்கிழமை காலை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார், அண்ணி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, துணியோடு சேர்த்துத் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். நான் தேடிய கனமேதான். தையலைப் பிரித்து அதை உருவினேன். பிஸ்கட் டின்னிலிருந்து அதே அளவுக்குத் தகரம் வெட்டி உள்ளே வைத்து, பழைய ஊசித் துளைகளிலேயே நூலை விட்டுத் தைத்தேன். கட்டிய அண்ணனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமாகத் திருடினேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

தகட்டை இரண்டாக வெட்டி, எழுத்து இருக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி, மோட்டாருக்கு இடமும் வலமும் பொருத்தினேன்.

வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பினால், அண்ணி சமையலறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

“என்ன அண்ணி, இங்க உக்காந்திருக்கீங்க?”

“ரூம்ல படுக்க முடியல தம்பி. கதவு தொறந்து கெடக்குற மாதிரியே இருக்கு.”

போய்ப் பார்த்தேன். கதவு சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“மூடித்தானே இருக்கு?”

“மூடித்தான் இருக்கு. நானேதான் தாப்பா போட்டேன். ஆனாலும் தொறந்து கெடக்கு.”

வயிற்றுப்பிள்ளைக்காரி, தூக்கம் கெட்டு ஏதோ சொல்கிறார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சனிக்கிழமையும் அவர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, எதையோ காது கொடுத்துக் கேட்பவர்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால், ஒன்றும் இல்லை என்றார்.

ஞாயிறு கிள்ளானில் என் காரை யாராலும் பிடிக்க முடியவில்லை. சுவர் சாம்பியன் என்று கூவியவர்கள் ஐந்து நிமிடத்தில் வாயடைத்துப் போனார்கள். மற்ற கார்கள் வளைவில் கிறீச்சிடும். என் காரோ சத்தமே இல்லாமல் போனது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அரையிறுதி முடிந்ததும், பந்தயம் நடத்தும் கடைக்காரச் சீனர் மெயின் சுவிட்சை அணைத்தார். மற்ற கார்கள் இருந்த இடத்திலேயே நின்றன. என் கார் மட்டும் நிற்கவில்லை. விசையை மேஜைமேல் வைத்துவிட்டு நான் கைகட்டி நின்றிருந்தேன். அது மெதுவாக மேட்டில் ஏறி, ஜன்னலோர வளைவில் திரும்பி, நேர்ப்பாதை முழுவதும் ஊர்ந்து வந்து என் முன்னால் நின்றது. எடை கூடிய கார், ஓடிய வேகத்தில் உருண்டிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மேட்டில் எப்படி ஏறியது? அங்கே யாரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் காரைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனாலும் சட்டென்று கீழே வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“இது கார் சாமான் இல்ல லா. வீட்டுக்குக் கொண்டு போ” என்று மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

இறுதிப் போட்டி பாக்கி இருந்தது. எனக்குக் கால் அங்கே நிற்கவில்லை. காரைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பிரிக்பீல்ட்ஸ் வந்து இறங்கும்வரை மோட்டாரின் சூடு ஆறவேயில்லை.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மணி ஆறு இருக்கும், வீட்டுக்குள் விளக்குப் போடவில்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காரைக் கவிழ்த்து அவர் காலடியில் வைத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அடிப்பார், சபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அந்தக் காரைப் பார்க்கக்கூட இல்லை.

“என்னிக்கு எடுத்தீங்க?”

“வியாழக்கெழம காலையில அண்ணி.”

அவர் விரல்விட்டு நாட்களை எண்ணினார். பிறகு சொன்னார்:

“வியாழக்கெழமையிலேருந்துதான் தம்பி, புள்ள அசையல.”

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். “வாய்விட்டுச் சொன்னா நெசமாயிடுமோன்னு பயந்துட்டேன்” என்றார். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவரிடம் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? ஓடிப்போய் டாக்சி பிடித்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் நர்ஸ், ஊதுகுழல் போன்ற ஒன்றை அண்ணியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றினார். மறுபடியும் மாற்றினார். அண்ணியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்துகொண்டே போனது. நான் இல்லை இல்லை என்று சொன்ன அத்தனை சாமியையும் அந்த இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டேன்.

“ஆடா” என்றார் நர்ஸ். இருக்கிறது. “ஆடா, ஆடா.”

துடிப்பு மிகவும் மெலிந்திருந்தது. கொடி சுற்றியிருக்கிறது என்று டாக்டர் உடனே ஆப்பரேஷன் செய்தார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பெண் குழந்தை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான், ஆனால் வார்டே அதிரும்படி அழுதது.

மறுநாள் அண்ணன் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா என் புள்ள இல்லடா” என்று அழுதார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் படுத்திருந்த அண்ணி என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தார்.

அந்தத் தகட்டில் ஏதாவது இருந்ததா, எனக்குத் தெரியாது. நான் எடுத்ததால் ஆபத்து வந்ததா, எடுத்ததைச் சொன்னதால் குழந்தை பிழைத்ததா, அதுவும் தெரியாது. தாழ்ப்பாள் போட்ட கதவு திறந்து கிடக்கிறது என்று அண்ணிக்கு எது சொன்னது என்ற கேள்வியை மட்டும் இன்றுவரை தனியாக உட்கார்ந்து யோசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும், சித்தப்பா டாக்சி பிடித்துக் காப்பாற்றிய கதையை அண்ணன் விருந்தாளிகளுக்குச் சொல்வார், எல்லோரும் கைதட்டுவார்கள், அண்ணி ஒன்றும் பேசாமல் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவார். அன்றே அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், வாங்கிய அடியோடு எப்போதோ மறந்திருப்பேன். அவர் மறைத்துவிட்டதால்தான், அந்தப் பாயசம் வருடா வருடம் என் தொண்டையில் நின்றுகொண்டே இருக்கிறது.