குளிசை ஒரு மருந்தா?

சென்ற வாரம் என் மச்சான் சூசை கடற்கரை மீன் வாடியிலேயே மயங்கி விழுந்துவிட்டார்.

மச்சான் என்றால் தங்கச்சி மெற்றில்டாவின் புருசன். மன்னார்ப் பக்கம் அரிப்புக் கிராமத்தில் கடற்றொழில். வலை இழுத்து இழுத்து முதுகின் அடியில் வந்த நாரி நோ அவரோடு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அதற்கு அவர் கண்ட தீர்வு, சந்திக் கடையில் வாங்கும் சிவப்புக் குளிசை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கடல் கொந்தளித்தால் இன்னொன்று!

அதுவும் இப்போது ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். வெள்ளிக்கிழமைகளில் மச்சான் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும். ஆனால் குளிசை? அது பாட்டுக்கு நடக்கும். வெறும் வயிற்றில்.

"ஒறுத்தல் எண்டு சொல்லிப்போட்டு குளிசை போடுறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குளிசை என்ன சாப்பாடே, மச்சான்? ஒறுத்தல் முறியாது."

பங்குச் சுவாமிக்கே தோன்றாத விளக்கம்!

விழுவதற்கு முதல் சில நாட்களாக மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிருக்கிறது. மெற்றில்டா பதறியிருக்கிறாள். "கணவாய்க் கறி எல்லோ சாப்பிட்டனான்... மை கறுப்புத்தானே" என்று இவர் சமாளித்திருக்கிறார். பாவம் கணவாய். சட்டிக்குள் போன பிறகும் பழி விடவில்லை.

ஓட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு மன்னாருக்கு ஓடினோம். மச்சானின் கை சில்லிட்டிருந்தது. "அண்ணை, இவருக்கு ஒண்டும் ஆகாதுதானே?" என்று மெற்றில்டா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு வாய் கிழியப் பேசுகிற நான், "கெதியா விடு" என்று ஓட்டோக்காரனைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினேன். சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர். மச்சானுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது.

"ஐயா, மருந்து ஏதும் பாவிக்கிறனீங்களோ?"

"ஒண்டும் இல்லை, டொக்டர்."

"பிரஷர், சீனி?"

"கடவுளே எண்டு ஒண்டும் இல்லை."

எனக்கு விசர் பிடித்தது. "மச்சான், அந்தச் சிவப்புக் குளிசை?"

"அது நோவுக்கெல்லோ! மருந்தே அது?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சாப்பாடும் இல்லையாம், மருந்தும் இல்லையாம். அப்படியானால் அது என்ன — கொறிக்கிற கச்சான் கொட்டையா?

இரைப்பையில் புண். இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது; கறுப்பாகப் போனது அதுதான். இரத்தம் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள், ஆள் தப்பிவிட்டார். இந்த வகைக் குளிசை வயிற்றை அரிக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், பிரஷரைக் கூட்டும் என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார். அதை இனித் தொடவே கூடாது. நாரிக்குப் பயிற்சி இருக்கிறது, குனிந்து தூக்க முறை இருக்கிறது. நோ தாங்க முடியாவிட்டால் தன்னிடம் வரச் சொன்னார்.

சரி, மச்சானை மட்டும் ஏன் குறை சொல்வான்? உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். 'எனக்கு நல்லாக் கேட்டது, நோ உடனே நிண்டிட்டுது' என்று அடுத்த வீட்டுக்காரர் தந்த குளிசை அட்டை இருக்கிறதா, இல்லையா? குளிசை எல்லோருக்கும் கேட்கிறது... நாங்கள்தான் ஒருவரையும் கேட்பதில்லை.

நேற்று அரிப்புக்குப் போனேன். மச்சான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மெற்றில்டாவோ மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நோ எப்பிடி?"

"பறந்திட்டுது, மச்சான்!"

"திரும்பக் குளிசையோ?"

"மாதாவாணை, தொடேல்ல! டொக்டர் பிள்ளை குளிசை போடாதேங்கோ எண்டெல்லோ சொன்னவா? அதான் சந்தி டிஸ்பென்சரிக்குப் போய் ஊசி போட்டனான்."

"வயித்தில புண் எண்டு அங்க சொன்னனீங்களோ?"

"நாரி நோவுக்குப் போய் ஆர் வயித்தைப் பற்றிக் கதைக்கிறது?"

ஊசி எழுதிய துண்டை வாங்கிப் பார்த்தேன். குளிசையில் இருந்த அதே மருந்துதான் ஊசியிலும். அதே புண்ணுக்குப் போகும் வாசல்தான் வேறு!