ரெண்டு தடவை கூட்டின அஞ்சரை மணி நேரம்

ஸ்கெலட்டன்ங்கிற தங்கச் சுரங்கக் குடியிருப்புல எங்க வீட்டு கடிகாரம் பத்து நிமிஷம் முன்னாடியேதான் ஓடும். பெங்களூர் ரயிலைப் பிடிக்கிற வீடுங்கள்ல பாதி இப்படித்தான். அது பொய் சொல்லுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்கவங்க மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுக்குவோம். அப்புறம் எதுக்குய்யா முன்னாடி வைக்கிறீங்கன்னு கேக்காதீங்க, எனக்கு கோவம் வரும்.

பெங்களூர்ல ஒரு லிஃப்ட் கம்பெனியில டீகோடர் எழுதுறேன். லிஃப்டுங்க நெட்வொர்க்ல அனுப்புற வெறும் எண்களைப் பிரிச்சு, எந்த லிஃப்ட், இன்னா கோளாறு, எத்தனை மணிக்குன்னு மனுஷனுக்குப் புரியுற மாதிரி ஆக்குற புரோகிராம். லிஃப்ட் கிரீன்விச் நேரத்தை அனுப்பும். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். கூட்டினேன்.

போன மாசம் சாயங்கால ரயில்ல எங்க கம்பெனி மெக்கானிக் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. எங்களுக்குப் பக்கத்து சுரங்கக் குடியிருப்பு பாலகாட்டுக்காரர். முகத்துல ஈயாடல. முந்தின நாள் காலையில பதினொரு மணிக்கு சர்வீஸுக்குப் போனவர், லிஃப்ட் ஏற்கனவே நின்னு கிடந்ததைப் பாத்து சரி பண்ணியிருக்காரு. என் டீகோடர் அது நின்னது சாயங்காலம் நாலு மணிக்குன்னு காட்டுது. நீ கை வச்சப்புறம்தான் கெட்டிருக்குன்னு மேனேஜர் பிடிச்சிக்கினாராம். நாளைக்கு ஒழுங்கா பதில் சொல்லலைன்னா வேலை போச்சு.

"உங்க டீகோடர் சரியா காட்டுதாண்ணா?"ன்னு மெதுவா கேட்டாரு.

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. "இன்னா கேக்குறீங்க? இத்தனை வருஷமா எழுதுறேன், இது கூடவா தெரியாது?" அவரு தலையை ஆட்டிட்டு பையை மடியில எடுத்து வச்சிக்கினாரு.

மறுநாள் காலையில குளிச்சிக்கினே "மணி இன்னா?"ன்னு கேட்டேன். சம்சாரம் கடிகாரத்தைப் பாத்து சொன்னா. பத்தைக் கழிச்சேன், நிதானமா காபி குடிச்சேன். ஸ்டேஷனுக்குப் போனா ரயில் போயே போச்சு. போன் போட்டு அவளைத் திட்டினேன்.

"நான் கழிச்சிட்டுத்தான் சொன்னேன். நீங்களும் கழிப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"ன்னா.

பெஞ்சுல பொத்துன்னு உக்காந்து லேப்டாப்பைத் திறந்தேன். நான் கூட்டின அஞ்சரையை, திரையில காட்டுற புரோகிராமும் இன்னொரு தடவை கூட்டியிருக்கு. லிஃப்ட் நின்னது காலையில பத்தரைக்கு. வந்த நேரத்தை வந்தபடியே நான் விட்டிருக்கணும்.

மேனேஜருக்கு போன் பண்ணி, தப்பு என்னோடதுன்னேன். நான் விட்ட ரயில்ல போயிக்கினு இருந்த மெக்கானிக்குக்கு லைன் கிடைக்கல. அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது, ஆட்டோ பிடிச்சு பாலகாட்டுக்கு அவர் வீட்டுக்கே போனேன். அவர் சம்சாரம் கதவைத் திறந்தாங்க. வேலை எங்கேயும் போகாதும்மா, தப்பு நான் எழுதின புரோகிராம்லதான்னு சொன்னேன்.



"அண்ணன் எழுதினது தப்பா இருக்காது, நான்தான் ஏதோ கெடுத்துட்டேன் போலன்னு ராத்திரி பூரா சொல்லிக்கினே இருந்தாரு"ன்னாங்க.