கச்சாலில் குரங்கு உண்டு

ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவனுக்குப் பழைய கிரேக்கர்கள் கொடுத்த பரிசு, காட்டு ஒலிவ மரத்தின் கிளையை வளைத்துக் கட்டிய ஒரு கிரீடம். அவ்வளவுதான். இதை நான் போர்ட் பிளேர் படகுத்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் பயணிகள் கூடத்தில் சொன்னபோது, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"வெறும் எலைக்கா அண்ணே அம்புட்டு ஓட்டம் ஓடுனாங்க? வீட்டுல பொண்டாட்டி ஒண்ணும் கேக்கலயா?"

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் அந்த ஜெட்டியை விட்டு வேறு வேலைக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அங்கே மைக் பிடிக்கும் வேலை. லாங் ஐலண்ட் போகிறவர்கள் இந்தப் பக்கம் வரவும், ஹேவ்லாக் போகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளவும் என்று இந்தியிலும் தமிழிலும் சொல்ல வேண்டும். ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் நடுவில் நேரம் கொட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் நான் படித்தது ஒரே ஒரு பொது அறிவுப் புத்தகம். யாரோ படகு பெஞ்சில் விட்டுப் போனது. அட்டை இல்லை, பின்பாதியும் இல்லை. மிஞ்சியிருந்தவை மூன்று பகுதிகள்: தாவரங்கள், விலங்குகள், பழைய கிரேக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோன எனக்கு உலக அறிவு இந்த மூன்றோடு நின்றுவிட்டது. ரோமாபுரியைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று விழிப்பேன்.

பெருக்கும் பெண் கச்சால் தீவுக்காரி. அவளுடைய அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். இந்திய வம்சாவளியென்று அங்கிருந்து திருப்பி அனுப்பியபோது, நிக்கோபார் பக்கம் கச்சாலில் ரப்பர்த் தோட்ட வேலை கிடைத்து வந்து இறங்கினார்கள். இவள் அப்போது கைக்குழந்தை. கல்யாணமாகியிருந்த அக்கா புருஷனோடு கோத்தகிரிக்குப் போய்விட்டாள். சுனாமிக்குப் பிறகு இவள் பிளேருக்கு வந்து, இந்த ஜெட்டியில் விளக்குமாறு பிடித்தாள். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டது மொத்தம் மூன்று தடவை.

அந்த அக்காவின் ஒரே மகளுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"சித்தி வந்தாத்தான் பொண்ணு மணவறையில ஒக்காருவேன்னு போன்ல அடம் புடிக்குது. நான் எந்தக் கப்பல்ல போறது?" என்று தினமும் ஒரு தடவையாவது என்னிடம் சொல்வாள். சென்னைக் கப்பல் எப்போது கிளம்பும் என்பது அறிவிப்பு வந்தால்தான் தெரியும். கவுண்டர் திறந்த அன்றைக்கே, விலை குறைந்த அடுக்குப் படுக்கையான பங்க் டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிடும். போன கப்பலுக்கு அவள் வரிசையில் நின்று கிடைக்காமல் திரும்பியிருந்தாள். அடுத்த கப்பலை விட்டால் அதற்கடுத்தது கல்யாணம் முடிந்த பிறகுதான். விமானத்தைப் பற்றிப் பேசினால், "அது நம்ம தலைக்கு மேல போறது அண்ணே, பாக்கத்தான் ஏலும்" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு வினாடி வினா வைத்தார்கள். மைக்கும் என்னிடம், புத்தகமும் என்னிடம், ஆகவே கேள்வி கேட்பதும் நடுவரும் நானே. முதல் பரிசு ஒரு கேடயம். கூடவே, அடுத்த சென்னைக் கப்பலுக்குச் சங்கத்து ஆள் ஒருவர் வரிசையில் நின்று, ஜெயித்தவர் பெயருக்கு ஒரு பங்க் எடுத்துக் கொடுப்பார். அதைக் கேட்டதும் அவள் பேர் கொடுத்துவிட்டாள். என் புத்தகத்தில் பாதி அவளுக்கு மனப்பாடம். பெருக்கிக்கொண்டே கேட்டதுதான்.

விழா அன்று சாயங்காலம் நாலரைக்கே வெயில் இறங்கிவிட்டது. இங்கே சூரியன் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவர். கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒன்று இவள். இன்னொருவர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி.

தாவரத்தில் ரப்பர் பால் எந்த நேரத்தில் வடிக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "வெயில் ஏறுறதுக்கு முன்னால. ஏறிட்டா பால் சுண்டிப் போயிரும். எங்கம்மா கையில பந்தம் புடிச்சுக்கிட்டுப் போவா." கடற்பசு எதைத் தின்னும் என்ற கேள்வியில் அண்ணாச்சி முந்திக்கொண்டு கடற்புல் என்றார். கிரேக்கர்கள் அறிவுக்கு அடையாளமாக வைத்த பறவை எது என்றதற்கு அவர் கிளி என்றார், அவள் ஆந்தை என்றாள்.

"ஆந்தையா! இந்தியில அது உல்லு. இங்க எவனையாச்சும் உல்லுன்னு சொன்னா, முட்டாள்னுட்டான்னு அடிக்க வருவான்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"முழிச்சுக்கிட்டு இருக்கறதுக்குத்தானே நாலும் தெரியும்" என்றாள் அவள். அந்தப் பேச்சை நான் அங்கேயே கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு பேரும் சமமாக நின்றார்கள். கடைசிக் கேள்வி. அதைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் நானே யோசித்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"நமது அந்தமான் நிக்கோபார் தீவுகளில், காட்டுக் குரங்கு எந்தத் தீவில் வாழ்கிறது?"

விடை, எந்தத் தீவிலும் இல்லை. அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து பிளேரில் இருக்கிறேன், பாராடாங் தாண்டி மாயாபந்தர் வரைக்கும் போயிருக்கிறேன், ஒரு குரங்கைப் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்த மண்ணைத்தான் தீவு என்போம். பிளேர்க்காரர்களுக்கே உள்ள வியாதி அது.

"கச்சால்ல" என்றாள் அவள், நான் முடிப்பதற்குள்.

"தவறு."

"இல்லண்ணே, இருக்கு. எங்க லயத்து வீட்டுக் கூரை மேல ஏறித் தேங்காயத் தூக்கிட்டுப் போகும்."

"அக்காவுக்கு இன்னும் சிலோன் நெனப்பு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "பொறந்த ஊரையும் தீவையும் போட்டுக் கொழப்பிக்காத தங்கச்சி" என்று மைக்கில் வேறு சொன்னேன். கைக்குழந்தையாக வந்தவளுக்குச் சிலோன் நினைவு எங்கிருந்து வரும்? அந்த யோசனை அப்போது எனக்கு வரவில்லை. கேள்வி அண்ணாச்சிக்குப் போனது. அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கேயும் கெடையாது" என்றார். ஒரு மதிப்பெண்ணில் ஜெயித்தார்.

மறுநாளிலிருந்து அவள் என் மேஜைப் பக்கம் பெருக்கும்போது பேசவில்லை. புதன்கிழமை கவுண்டர் திறந்தது. சங்கத்து ஆள் அண்ணாச்சி பெயருக்கு டிக்கெட் எடுத்தார். அதே வரிசையில் வெகு பின்னால் அவளும் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கும்போதே டிக்கெட் முடிந்துவிட்டது. நான் கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையில் முடிந்திருந்த அடையாள அட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் முடிந்துகொண்டு, விளக்குமாற்றை எடுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை நிக்கோபார் கப்பல் வந்தது. அதில் கயிறு இழுக்கிற கடலூர்க்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். டீ வாங்கிக் கொடுத்து, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன்: "கச்சால்ல கொரங்கு இருக்கா?"

"இருக்காவா? போன ட்ரிப்புல காயப்போட்ட என் லுங்கியத் தூக்கிட்டு மரத்துல ஏறிடுச்சு. சீஃப் ஆபீசர் வேற, 'பந்தர் கோ போலோ, வாபஸ் தேகா', கொரங்குகிட்டயே கேளு, திருப்பித் தரும்னு சிரிக்கிறான். ஏன், எவனாச்சும் இல்லேன்னானா? எந்த உல்லு அது?"

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

நேரே அவளிடம் போய், "தப்பு என் பேர்லதான்" என்றேன். அவள் குனிந்தபடியே பெருக்கினாள். "நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். அதுக்கு மேல நான் என்னா செய்ய?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் புத்தகத்தில் ஒரு செய்தி உண்டு. கிரேக்கப் போட்டியில் நடுவர்கள் தப்பாகத் தீர்ப்புச் சொல்லி, அது பின்னால் தெரியவந்தால், நடுவர்களுக்குத்தான் அபராதம். சூட்டிய கிரீடத்தைத் திரும்ப வாங்குவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இரும்புக்கடைக்குப் போனேன். கேடயம் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"வாங்கய்யா ஜட்ஜு" என்றார் அண்ணாச்சி. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் ஜெயிக்கலேங்கீரு?"

"கேடயம் உங்களோடதுதான் அண்ணாச்சி. கிரேக்கச் சட்டம் அப்படித்தான்."

"கிரேக்கக்காரன் வெவரமானவன்." பெட்டியில் கிடந்த ஆணிகளைக் கையால் அளைந்தார். "உள்ளதச் சொல்லுதேன். எனக்கு விடை தெரியாது. உம்ம மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். நீரு 'இல்ல'ங்கிற மாதிரியே நின்னீரு." பிறகு, "நான் எப்பவும் ஃப்ளைட்டுலதான்யா போறவன். ஜெயிச்ச டிக்கெட்டாச்சே, ஒருக்கா கப்பல்ல போவோம்னு வீட்டம்மாகிட்டச் சொல்லி வச்சிட்டேன். சரி, அந்தப் பிள்ளைக்கு எப்படி மாத்துறது?"

மாற்ற முடியாது, பேர் போட்ட டிக்கெட். ஆனால் தீவில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். ரத்து செய்கிறவர் கவுண்டரில் முன்னால் நிற்க வேண்டும், வேண்டியவர் அவர் முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்த இடம் கணினித் திரையில் வந்து விழும் நொடியில் கேட்டுவிட வேண்டும். பக்கத்துக் கவுண்டர் முந்திக்கொண்டால் போச்சு.

"அபராதம் நடுவருக்குத்தானே?" என்றார் அண்ணாச்சி. "அப்ப விடியுமுன்ன நீரு போய் லைன்ல நில்லும். நான் கவுண்டர் தொறக்கையில வாரேன்."

சனிக்கிழமை விடிகாலை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு செங்கலும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்தான் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் சொல்லி அனுப்பியிருந்தபடி அவள் வந்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் நின்றுகொண்டாள். கவுண்டர் திறக்கும் நேரத்தில் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்து என் இடத்தில் நின்றார். நான் ஒதுங்கிப் பக்கத்துக் கவுண்டரைப் பார்த்தேன். அங்கே ஒருவர் மூன்று டிக்கெட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி டிக்கெட்டை உள்ளே நீட்டினார். உள்ளே இருந்த பெண் எதையோ தட்டினாள், "ருகோ" என்று பொறுக்கச் சொன்னாள். மறுபடி தட்டினாள். பெருக்கும் பெண் தன் அடையாள அட்டையைக் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹோ கயா" என்றாள் உள்ளே இருந்த பெண். பிரிண்டர் கரகரத்தது.

அண்ணாச்சி வேட்டியை உதறிக்கொண்டு, "கல்யாணத்துல என் பேரச் சொல்லி ஒரு பாயசம் கூடக் குடி தாயி" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார். அவள் டிக்கெட்டை இரண்டு தடவை படித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, கெடைச்சிருச்சு. சந்தோசம்" என்றாள். "ஆனா அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால மைக்குல சொன்னீங்க, நான் ஊரு தெரியாமப் பேசுறேன்னு. எங்கப்பா அம்மாவ அந்த மண்ணுலதான் பொதைச்சிருக்கு. பொய் சொன்னவளாட்டம் நான் கப்பல் ஏற ஏலாது. மைக்குல சொன்னத மைக்குலயே சொல்லுங்க."

ஒன்பது மணிக்கு லாங் ஐலண்ட் படகு. கூடம் நிறைந்திருந்தது. பொங்கல் விழாவில் சிரித்தவர்களில் நாலைந்து பேராவது மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கை எடுத்து, லாங் ஐலண்ட் பயணிகள் இந்தப் பக்கம் வரவும் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். பிறகு மைக்கைக் கீழே வைக்காமல் தொடர்ந்தேன்.

"பயணிகள் கவனத்திற்கு. கச்சால் தீவில் குரங்கு உண்டு. இல்லையென்று பொங்கலன்று நான் சொன்னது தவறு. உண்டு என்ற பெண் சொன்னதுதான் சரி."

எழுந்து நடக்கத் தொடங்கியவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வங்காளிப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "க்யா போலா? போட் கேன்சலா?" என்று பதறிக் கேட்டார். இதையே இந்தியிலும் சொன்னேன். அவர் நிம்மதியாகி, "ஹாங், ஹை, பந்தர் ஹை" என்று தலையாட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கூடத்தின் அந்த மூலையில் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளைக்குப் பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"கிரேட் நிக்கோபார்லயும் இருக்கு அண்ணே" என்றாள். "அதையும் சேத்துச் சொல்லுங்க. பாதி பாதியாச் சொன்னா மறுபடி எவனாச்சும் கேள்வி கேப்பான்."

நான் மறுபடியும் மைக்கை எடுத்தேன்.