காலியாக விட்ட எடை

வியாசர்பாடி சங்கமித்ராவுக்கு அன்று காலை தலைகால் புரியவில்லை. பின்னே, சும்மாவா? திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று சொல்லும் புரோகிராமை எழுதியவளே அவள்தான். அது மேலிருந்து கீழே ஒரே மூச்சில் ஓடும் நீள வால். ஒரு பெட்டிக்கு ஓடி முடிந்துவிடும், அடுத்த பெட்டிக்கு மறுபடி முதலிலிருந்து. "இந்தக் கறுப்புத் திரையைப் பாத்தாலே பேஜாரா கீது, பட்டன் வெச்சுக் குடும்மா" என்று கிளார்க் யேசுதாஸ் நச்சரித்ததில், அந்த வாலைத் துண்டு துண்டாக வெட்டினாள். தேட ஒரு ஃபங்ஷன், எடைக்கு ஒன்று, இடம் சொல்ல ஒன்று. ஒருமுறை எழுதியதை எந்தப் பட்டனும் கூப்பிட்டு வேலை வாங்கலாம். 2003இல் அந்த யார்டுக்கு அது பெரிய அதிசயம். அன்றுதான் அதன் முதல் ஓட்டம்.

முதலில் ஒரு காலிப் பெட்டி வந்தது, இரண்டு டன். நான்காம் அடுக்கு என்றது திரை. சரிதான், லேசான பெட்டிதானே உச்சிக்குப் போகும். அடுத்த லாரிக்கு எடைச் சீட்டு இன்னும் வரவில்லை. யேசுதாஸ் எடைக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பட்டனைத் தட்டினார். அந்த யார்டில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். எடை தராவிட்டால் பழைய புரோகிராம் அங்கேயே நின்று அடம் பிடிக்கும், அதனால் யாருக்கும் பயமில்லை.

புதியது அடம் பிடிக்கவில்லை. நான்காம் அடுக்கு, பின்வரிசை என்றது. யேசுதாஸ் வாக்கிடாக்கியில் அதை அப்படியே பெட்டி தூக்கும் வண்டியின் டிரைவர் கஸ்பாருக்குச் சொல்லிவிட்டார்.

சங்கமித்ராவின் கண் திரையின் ஓரத்தில் விழுந்தது. எடை, இரண்டு டன். ஐயோ, அது முந்தின பெட்டியின் எடை! பழைய புரோகிராம் ஒவ்வொரு முறையும் செத்து மறுபடி பிறந்ததால் எதையும் நினைவில் வைக்கவில்லை. பட்டன் வைத்த இந்தத் திரை ஜன்னலோ மூடுவதே இல்லை. முந்தின எடையைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அடிப்பாவி, இதை யோசிக்காமல் விட்டாயே! யேசுதாஸ் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள்.

"கஸ்பாரண்ணே, தூக்காத! உள்ள லோடு கீது!"

இஞ்சின் சத்தத்தில் எது காதில் விழும்? பெட்டி தூக்கும் வண்டியோ பழசு. எடை மிஞ்சினால் கத்தும் அலாரம் எப்போதோ ஊமையாகிவிட்டது. பெட்டி மேலே ஏறிவிட்டது. கஸ்பார் வண்டியின் கையைப் பின்வரிசைப் பக்கம் நீட்டினார். பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. சங்கமித்ரா அலறிக்கொண்டே ஓடினாள். சாய்ந்தால் கேபினோடு மனிதர் கூழ்.

கஸ்பார் பதறவில்லை. நீட்டிய கையை மெல்ல மெல்ல உள்ளே இழுத்தார். சக்கரங்கள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தன. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அவள் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னாள்.

"இன்னா புரோக்ராமு எழுதிக்கீறே நீ?" என்று கத்தியவர், பிறகு தணிந்தார். "எம்பொஞ்சாதி எல்சிக்குத் தெரிய வாணாம். அப்பால வண்டி ஏறவே வுடமாட்டா."

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டாள். இனி எந்த ஃபங்ஷனும் எதையும் தானாக நினைவில் வைக்கக் கூடாது. கையில் கொடுத்ததை மட்டும் வாங்க வேண்டும், கொடுக்காவிட்டால் நகரக் கூடாது. எடையைக் காலியாக விட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எடை கேட்டு நின்றது.

கேட் வாசலில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்த எல்சி, சங்கமித்ராவின் தட்டில் பெரிய துண்டு மீனாகப் பார்த்து வைத்தாள்.

"உன் மிஷினால எங்கூட்டுக்காரரு இனிமே சீக்கிரமா வூட்டுக்கு வந்துருவாராமே? நல்லா இருடி கண்ணு."

சங்கமித்ரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"இன்னாடி, மீனு நல்லா இல்லியா?"

"காரம்க்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.