நாவிதன்வெளியில் எனக்காக நின்ற இரண்டு சேவல்கள்

என் நண்பன் அன்ரனின் மகள், இத்தாலியில் வேலை செய்கிறவள், போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மலையடிவாரக் கிராமம், தோட்டத்தில் நீள மேசை, ஆட்டுக்குட்டி இறைச்சி, முழு முட்டை பதித்துச் சுட்ட ரொட்டி. ஈஸ்டர் விருந்தாம். "சலீம் மாமா, இஞ்ச எல்லாம் இரிக்கி, நம்மட சேவல் மட்டும் இல்ல. அந்தக் கதையை எழுதுங்க" என்று கீழே எழுதியிருந்தாள். கல்முனைப் பக்கம் ஈஸ்டருக்குப் போவது எப்படி என்று இந்த வலைப்பூவில் கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே 1995 ஏப்ரலில் நான் போன பயணத்தை எழுதுகிறேன். தூரம் பதினான்கு கிலோமீற்றர். போய்ச் சேர ஐந்து வருடம் எடுத்தது.

அன்ரனும் நானும் கல்முனையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். நான் கல்முனைக்குடி, அவன் நாவிதன்வெளிக்கு அப்பால் உள்ள கத்தோலிக்கக் கிராமம். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். ஐந்து பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் இறைச்சித் துண்டை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுப்பதில் மன்னன். நான் அவன் வீட்டுக்குப் போனால் மட்டும் வாழைப்பழமும் சோடாவும்தான். ஹலால் யோசனை. அதை வெளியே சொல்லக் கூச்சம், அதனால் ஒவ்வொரு தடவையும் வயிறு சரியில்லை என்பேன். அவன் மனைவி பிலோமினா அதை ஒருநாளும் நம்பவில்லை.

பிறகு தொண்ணூறு வந்தது. தமிழர் பக்கமும் முஸ்லிம்கள் பக்கமும் பிணம் விழுந்தது. அவன் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வாங்கிப் போனான். எங்கள் ஆட்கள் அங்கே போவதில்லை, அவர்கள் ஆட்கள் இங்கே வருவதில்லை. தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் சண்டை நின்றது. மார்ச் கடைசியில் அன்ரனின் கடிதம் வந்தது: 'உயிர்த்த ஞாயிறுக்கு வா மச்சான். பூசை முடிய எட்டு மணிக்கே வந்திரு. இந்த முறை சோறு எங்கட வீட்ட.'

கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்த வேலை இருக்கிறதே, இன்றைக்கும் நினைத்தால் வெட்கம். அவர்களுக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரைச்சல் இல்லை என்று கணக்குப் போட்டு, என் மனைவி பரீதாவிடம் சாப்பாடு கட்டித் தரச் சொன்னேன். நாலு அடுக்கு டிபன் கரியரில் நெய்ச்சோறு, மாட்டிறைச்சிப் பொரியல், கத்தரிக்காய், வட்டிலப்பம். "விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்குச் சோறு கட்டிட்டுப் போற முதலாவது ஆள் நீங்கதான்" என்றாள் பரீதா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குத்தான் புறப்பட்டேன். எட்டு மணிக்கு யார் சோறு தின்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அந்த வீதியில் ஐந்து வருடமாகப் போகவில்லை. ஹொண்டாவுக்கு ஒரு லீற்றர் பெற்றோல் அடித்தேன், நாற்பது ரூபாய். சந்தைக்குப் பக்கத்தில் பிளேன்டீ குடித்தேன், மூன்று ரூபாய். குடித்து முடித்தபின் இன்னொன்று குடித்தேன்.

கிட்டங்கிக்கு முன்னால் சோதனைச் சாவடி. ஒன்றரை மணி நேரம். கரியரின் ஒவ்வொரு அடுக்கையும் கழற்றச் சொன்ன சிப்பாய், இறைச்சி அடுக்கை மட்டும் இரண்டு தரம் சோதித்தான். ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலமான தாம்போதியில் மாரி காலத்தில் தண்ணீர் மேலால் பாயும், அன்று ஓரமாகக் கொக்குகள்தான் நின்றன. அதைக் கடந்தால் இரண்டு பக்கமும் வயல். பெரும்போகம் வெட்டிய தாளில் எருமைகள் மேய்ந்தன. சில வயலில் சிறுபோகத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் தொப்பியையே பார்த்தார். நான் ஹொண்டாவின் வேகத்தைக் குறைத்தேன்.

"கல்முனையாலயா? அன்ரன் மாஸ்ரர்ட வீட்டுக்கா?" என்றார்.

"ஓம்."

"கெதியாப் போங்க. அவங்க காலையில இருந்து பாத்துட்டு நிக்கிறாங்க."

நாவிதன்வெளிச் சந்தியிலிருந்து வாய்க்கால் கட்டால் மூன்று கிலோமீற்றர். போய் இறங்கும்போது பன்னிரண்டேகால். வாசலில் அன்ரன், பிலோமினா, அப்போது சிறுமியாக இருந்த இந்த மகள், மூவரும் நின்றார்கள். அன்ரன் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். மெலிந்திருந்தான். நான் அழுதேன், அவனும் அழுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கரியர் இருந்த பையை மழைக்கோட்டால் மூடி ஹொண்டாவிலேயே விட்டேன்.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பிலோமினா நேரே விஷயத்துக்கு வந்தாள். "நானா, இஞ்ச வாங்க." பின்வளவில் புது மண்சட்டி மூன்று, வெயிலில் காய்ந்தன. கழுவித் தீட்டிய கத்தி ஒன்று, வாழையிலையில். பலா மரத்தில் இரண்டு சேவல்கள் கட்டியிருந்தன.

"சட்டி புதுசு. அகப்பை புதுசு. இந்தச் சட்டியில ஒண்டும் ஆக்கல்ல. கோழியை நீங்களே உங்கட முறையில அறுங்க. மறுகா என்ன சாட்டுச் சொல்லப் போறீங்க?"

அப்போதுதான் எட்டு மணி என்பதன் அர்த்தம் விளங்கியது. அவர்களுக்கு நாற்பது நாள் தவக்காலம், வாயில் இறைச்சி படவில்லை. ஊரெல்லாம் விடியவே கோழிக்கறியோடு பெருநாள் தொடங்கிவிட்டது. இந்த வீட்டில் மட்டும் நான் வந்து அறுக்கட்டும் என்று அடுப்பு மூட்டாமல் இருந்திருக்கிறார்கள். காலையில் பழைய பாணும் சம்பலும். நான் கல்முனையில் இரண்டாவது பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இதோடு விட்டதா? எனக்குக் கோழி அறுக்கவும் தெரியாது. எங்கள் வீட்டில் கோழியைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினிடம் கொண்டுபோய் அறுத்து வருவார்கள், நான் இரத்தம் கண்டால் தூரப் போகிறவன். மெதுவாகச் சொன்னேன்.

"என்னகா கதைக்கிறாய்?" என்று அன்ரன் தலையில் கை வைத்தான். "உன்னை நம்பி ஒரு குடும்பம் பட்டினி கிடக்கு!"

அவன் ஒரு சேவலை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். நான் தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று வெயிலைப் பார்த்து யோசித்தேன், அவனே மேற்கைக் காட்டினான். பிஸ்மி சொல்லி, கண்ணை மூடாமல் அறுத்தேன்.  சேவலைவிட நான்தான் அதிகம் துடித்தேன் என்று அன்ரன் பிறகு ஊரெல்லாம் சொன்னான்.

கறி அடுப்பில் ஏறி அரை மணி நேரம் இருக்கும். வீட்டு நாய் என் ஹொண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது. பிலோமினா போய் மழைக்கோட்டைத் தூக்கினாள். கரியரைத் திறந்தாள். ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தாள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது.

"அப்ப நானா, இண்டைக்கும் என்ட சோறு தின்னுற நோக்கத்தில நீங்க வரல்ல."

"இல்ல தங்கச்சி... உங்களுக்குக் கரைச்சல் குடுக்கப்படாதெண்டு..."

"கரைச்சலா? சொந்தக்காரன் கரைச்சல் குடுக்காம ஆர் குடுக்கிற?"

 அவள் போய்க் கறியைக் கிண்டிவிட்டு வந்தாள். பிறகு அவள் கரியரை மகளிடம் கொடுத்தாள். "இது பரீதா மைனி ஆக்கினது. இதை நாம தின்னுவம். அந்தச் சேவலை நானா தின்னட்டும். ஒரு துண்டு மிஞ்சப்படாது."

அப்படியே நடந்தது. இரண்டே கால் மணிக்கு அவர்கள் மூவரும் மாட்டிறைச்சிப் பொரியலை வளைத்துக் கட்டினார்கள். எனக்கு முன்னால் சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்கீரைச் சுண்டல், மாங்காய்ச் சம்பல், எருமைத் தயிர், ஒரு முழுச் சேவல். தேங்காய்ப்பால் விட்டு, வறுத்த தூள் போட்டு வைத்த கறி. வாழ்க்கையில் நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. பிலோமினா அகப்பையோடு பக்கத்திலேயே நின்றாள். கடைசித் துண்டு கொஞ்சம் வேதனைதான். ஆனாலும் தின்றேன்.

நாலரைக்குப் புறப்படும்போது கரியரைத் தொதலும் முறுக்கும் நிரப்பித் தந்தாள். மற்றச் சேவலைக் காட்டி, "இது பரீதா மைனிக்கு. கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நிக்கும்" என்றாள்.

"வாற மாசம் வாறம்" என்றேன்.

மூன்று நாளில் சண்டை திரும்பத் தொடங்கியது. அந்த வீதியும் மூடிக்கொண்டது.

பரீதாவோடு நான் அங்கே போகத் துணிந்தது தொண்ணூற்றேழு ஈஸ்டருக்கு. இந்த முறை விடிய ஆறரைக்கே புறப்பட்டோம், கரியர் வெறுமையாக இருந்தது. வளவுக்குள் ஹொண்டாவை நிறுத்தியதும் பலா மரத்தடியிலிருந்து ஒரு கிழட்டுச் சேவல் எங்களைப் பார்த்துக் கூவியது. ஒரு கண் மங்கியிருந்தது, வாலில் பாதி இல்லை.

"அதேதான்" என்றான் அன்ரன். "நடுவில ஆறு மாசம் ஊரை விட்டுப் போய்க் கிடந்தம். நான் என்ட சைக்கிளை விட்டுட்டுப் போனன். இவள் உன்ட சேவலைக் கூடையில தூக்கிட்டு வந்தாள். ரெண்டு நத்தார்ப் பெருநாள், ஒரு ஈஸ்டர் வந்து போச்சு, இதை அறுக்கல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் சூப் வைப்பமெண்டு கேட்டன். அது நானாட சேவல், கை வைக்காத எண்டாள்."

பரீதா பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கத்தியை எடுத்தேன். அந்த இரண்டு வருடத்தில் மோதினிடம் போய் அறுக்கப் பழகியிருந்தேன், இந்த முறை ஊரெல்லாம் சொல்ல அன்ரனுக்குக் கதை கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: கல்முனையிலிருந்து இப்போது நல்ல வீதி, அரை மணி நேரம் போதும். மாரியில் தாம்போதியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். எட்டு மணி என்றால் எட்டுக்கே போங்கள். ஹலால் பார்ப்பவர்கள் வயிற்றுவலி சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள், சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சேவல் வேக மூன்று மணி நேரம் எடுத்தது. அப்போதும் ரப்பர்போல இருந்தது. ஐந்து பேரும் நிலத்தில் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஒரு துண்டு மிஞ்சவில்லை.