கரும்பும் இரண்டு கடைவாய்ப் பற்களும்

எங்கள் ஊரான கோலசிலாங்கூரில் பல் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் சென்ற வாரம் ரவாங்கில் ஒரு பல் கிளினிக்கில், தொப்பியும் முகக்கவசமும் அணிந்து அமர்ந்திருந்தேன்.

ஏன் அவ்வளவு தூரம்? உள்ளூர் கிளினிக்கில் போய் உட்கார்ந்தால், நான் வீடு திரும்புவதற்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிடும்.

விஷயம் இதுதான். என் இடப்பக்கக் கடைவாயில் இருப்பது தானாக முளைத்த பல் அன்று. தாடை எலும்பில் திருகி நிறுத்திய இம்பிளாண்ட். இது என் மனைவி ஒருவருக்கே தெரியும். ஊரைப் பொறுத்தவரை — குறிப்பாக என் மகளின் மாமனாரைப் பொறுத்தவரை — எழுபதைத் தாண்டியும் நான் சொந்தப் பல்லோடு இருப்பவன்.

சம்பந்தி ராசா என்ற சிற்றூரில் இருக்கிறார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மிக நல்லவர். ஒரே ஒரு குறை... அவரும் தம் சொந்தப் பல்லைப் பற்றி ஓயாமல் பேசுவார்.

இந்தப் பொங்கலுக்கு மகள் வீட்டில் கூடியிருந்தோம். மருமகன் கரும்பை வெட்டக் கத்தியோடு வந்தார்.

"கத்தி எதுக்குடா? பல்லு இல்லாதவங்களுக்குத்தான் கத்தி. என்ன சம்பந்தி, நான் சொல்றது சரிதானே?" என்றார் அவர் அப்பா.

கல்லூரியில் படித்தவன், ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவன், அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? புன்னகைத்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். நான் கரும்பைக் கையில் வாங்கினேன். அவரும் ஒன்றை எடுத்தார். இருவரும் கடித்தோம். பட்டை உரிந்தது. பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

என் கடைவாயில் ஏதோ மெல்ல அசைந்தது.

மறுநாளிலிருந்து பல் ஆடியது. துலக்கினால் ஈறிலிருந்து இரத்தம். வலி மட்டும் இல்லை. வலிக்காததை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

"இப்படியே விட்டுட்டு இருங்க... கோயில் விழாவுல பேசறப்போ பல்லு மைக்குல விழட்டும்!" என்றார் மனைவி.

மறுநாளே ரவாங் புறப்பட்டேன்.

கிளினிக்கில் எதிர் நாற்காலியில் இன்னொரு பெரியவர். அவருக்கும் தொப்பி, அவருக்கும் முகக்கவசம். ஆனால் அந்த பாத்தேக் சட்டை... தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது அல்லவா?

தாதிப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இம்பிளாண்ட் அங்கிள் யாரு?"

நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

"ரெண்டு பேருமே இம்பிளாண்ட்தானே! யாராச்சும் ஒருத்தர் வாங்க லா, டாக்டர் வெயிட்டிங்!"

பிறகு எதிர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்க மொதல்ல போங்க சம்பந்தி. வயசுல மூத்தவரு."

"பரவால்ல, நீங்க போங்க. நீங்கதானே பெரிய துண்டா கடிச்சீங்க."

அவர் எழுந்து போனார். அவருக்குப் பின் நான். மருத்துவர் என் மகள் வயதுப் பெண்.

"என்ன கடிச்சீங்க அங்கிள்?"

"கரும்பு."

"நீங்களுமா!"

நல்லவேளை, திருகுதான் தளர்ந்திருந்தது; பல்லுக்குச் சேதமில்லை. இறுக்கிவிட்டார். ஆனால் ஈறைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கரும்பாவது ஒரு நாள் கூத்து. இந்த வீக்கம் ரொம்ப நாளா இருக்கு அங்கிள். இன்னும் லேட்டா வந்திருந்தா எலும்பு கரைஞ்சு, பல்லு அடியோட போயிருக்கும். செக்கப்புக்கு ஏன் வர்றதே இல்ல?"

யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதால் வரவில்லை... இதை ஒரு மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் விளக்கியதை என் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இம்பிளாண்ட் சொத்தையாகாது, ஆனால் அதைத் தாங்கும் ஈறும் எலும்பும் நம்முடையவை. அழுக்கு சேர்ந்தால் அவை கெடும். சொந்தப் பல் வலித்து எச்சரிப்பதைப் போல இது எச்சரிப்பதும் அரிது. ஆகவே காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் ஈறோரம் துலக்க வேண்டும். இடுக்குகளுக்குத் தனியே ஒரு குட்டி பிரஷ் உண்டு. மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும். கரும்பு, நண்டு ஓடு, ஐஸ் கட்டி, சோடா மூடி... இவற்றுக்கெல்லாம் வேறு கருவிகள் உண்டு.

வெளியே வந்தோம். கீழே இருந்த கடையில் எதிரெதிரே தேநீர் அருந்தினோம். சம்பந்தி மருத்துவர் கொடுத்த குட்டி பிரஷ்ஷைக் கவலையோடு பார்த்தார்.

"இத எங்க ஒளிச்சு வைக்கிறது? என் சம்சாரத்துக்கே தெரியாது."

"சட்டைப் பையில பேனாவோட சொருகி வைங்க. கிராணி பையில என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?"

அவர் சிரித்தார். கடைவாய் தெரியச் சிரித்தார். நானும்தான். இத்தனை ஆண்டுச் சம்பந்தத்தில் நாங்கள் அப்படிச் சிரித்துக்கொண்டது அதுவே முதல் முறை.

பல்லை மறைக்க எடுத்துக்கொண்ட சிரமத்தில் பாதியை அதைப் பேணுவதில் காட்டியிருந்தால், ரவாங் வரை போயிருக்கவே வேண்டியதில்லை. என்னைப் போல் கௌரவத்துக்கு அஞ்சி, இரத்தம் கசியும் ஈறோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் எத்தனை பேரோ? அவர்களுக்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

எழுதுமுன் சம்பந்தியிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க. என் பேர மட்டும் போட்டுறாதீங்க," என்றார்.

வாக்குத் தவறவில்லை, பெயரைப் போடவில்லை. எனக்கு ஒரே மகள், ஒரே சம்பந்தி என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?